காய்ந்த வேரில் கட்டிய டானிக்

வாசகியின் கடிதம்: சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டோடு நான்கு விசைத்தறி. அப்பாதான் ஓட்டி வந்தார், வயது 57. போன ஆடி மாதம் அறுந்த பாவு இழையைப் பிணைக்கும்போது வலது கட்டைவிரல் சொன்னபடி கேட்கவில்லை. இப்போது அந்தக் கை மெலிந்துவிட்டது, இடது காலும் தடுக்குகிறது. தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கிறது. மோட்டார் நியூரான் நோய் என்று சொல்லி ரிலுசோல் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் தாய்மாமன் ஒரு சிகிச்சை மையத்தில் விசாரித்து வந்தார். வளர்ச்சிக் காரணிப் புரதம் நரம்புக்கு உரம் மாதிரியாம். ஸ்டெம் செல்லோடு சேர்த்து நான்கு ஊசி, ஐந்தரை லட்சம் ரூபாயாம். ஒன்றேகால் ஏக்கர் தோப்பை விற்றுவிடலாம் என்கிறார் அம்மா. தென்னைக்கு வேரில் டானிக் கட்டினால் தெளிகிறதே, நரம்புக்கு ஏன் தெளியாது? இன்னொன்று: அப்பா இப்போதும் தறியடியில் போய் நிற்கிறார். விடலாமா?

நரம்பியல் மருத்துவரின் பதில்:

அம்மணி, முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம். தோப்பை விற்காதீர்கள். அந்த ஊசிக்காக ஒரு மரத்தின் காயைக்கூட முன்பணத்துக்கு விட வேண்டாம்.

வேரில் டானிக் கட்டுவதைப் பற்றிக் கேட்டீர்களே, அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் மாமனிடம் பேசிய அந்த மையத்துக்காரர்களைவிட நீங்கள் விஷயத்துக்கு நெருங்கி வந்திருக்கிறீர்கள். உரம் என்று அவர்கள் சொன்னது தவறு. இந்தப் புரதங்கள் உணவும் இல்லை, சத்தும் இல்லை. நரம்பணுவுக்குப் போய்ச் சேர வேண்டிய சேதி என்று சொன்னால் பொருந்தும். ஆனால் அந்தச் சேதி போகிற வழி வேரில் டானிக் கட்டுவது போலத்தான் இருக்கிறது.

மோட்டார் நியூரான் என்பது தண்டுவடத்தில் உட்கார்ந்துகொண்டு தசையை அசைக்கும் ஓர் உயிரணு. உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் நோயில் மடிவது அதுதான். அதன் உடல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு இருக்கலாம். அதிலிருந்து புறப்படும் இழை ஒன்று இடுப்பு வழியாக இறங்கிப் பாதத் தசை வரைக்கும், கிட்டத்தட்ட ஒரு மீட்டர், போகிறது. இந்த விகிதம் சட்டென்று மனதில் நிற்காது. உங்கள் தோட்டத்துக் கிணறு பத்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிணறுதான் அணு என்றால், அதிலிருந்து போகும் இழை 200 கிலோமீட்டர் நீளம் இருக்கும். பவானிசாகரில் கிளம்பி உங்கள் ஊரையும் தாண்டிக் கரூர்ப் பக்கம் போய் முடிகிற கீழ்பவானி வாய்க்கால் அவ்வளவு நீளம். (அந்த வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை, இரண்டு தரப்பிலும் எனக்கு நோயாளிகள் உண்டு.)

வாய்க்காலில் தண்ணீர் அணையிலிருந்து கடைமடைக்குப் போகிறது. நரம்பிலும் அசைவுக்கான கட்டளை அப்படித்தான் கீழே இறங்குகிறது. ஆனால் நரம்பில் எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து உண்டு. கடைமடையில் இருக்கும் தசை சில புரதங்களைத் துளித்துளியாகச் சுரக்கிறது. இழையை ஒட்டிச் சுற்றியிருக்கும் துணை அணுக்களும் சுரக்கின்றன. நரம்பின் நுனியில் இவற்றுக்கென்றே ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டுக்குள் சாவி போலப் புரதம் அதில் பொருந்தியதும் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு பைக்குள் அடைபடுகின்றன. அந்தப் பையை டைனீன் என்ற இயக்குப் புரதம், தண்டவாளம் போன்ற நுண்குழல்களின் மேல் இழுத்துக்கொண்டு தண்டுவடத்துக்கு ஏறுகிறது. ஒரு மீட்டரைக் கடக்கச் சில நாள்கள் ஆகும். பை மேலே வந்து சேர்ந்ததும் அணு தெரிந்துகொள்கிறது: கீழே எனக்கு ஒரு தசை இருக்கிறது, நான் தேவைப்படுகிறேன். உடனே தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பூட்டி வைக்கிறது, இழையைப் பழுதுபார்க்கும் புரதங்களைத் தயாரிக்கிறது, ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவைச் சீராக வைத்துக்கொள்கிறது.

சேதி வராவிட்டால்? அதைக் கண்டுபிடித்த கதை கோழிமுட்டையில் தொடங்குகிறது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. விக்டர் ஹாம்பர்கர் என்ற ஆய்வாளர் 1934-இல், முட்டைக்குள் வளரும் குஞ்சின் சிறகு முளையை வெட்டிவிட்டால் அந்தப் பக்கத்துத் தண்டுவடத்தில் நரம்பணுக்கள் குறைந்துபோவதை எழுதினார். அதைப் படித்த ரீட்டா லெவி-மொன்டால்சினி என்ற இத்தாலிய யூதப் பெண்மணி, முசோலினியின் இனச் சட்டத்தால் வேலையை இழந்தவர். டூரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கி, போர்க்காலத்தில் முட்டை தேடி அலைந்து, அதே சோதனையைத் திரும்பச் செய்தார். அணுக்கள் பிறக்காமல் போகவில்லை, பிறந்து, சேதி வராமல் மடிகின்றன என்று கண்டார். பின்னால் அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து முதல் நரம்பு வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தார்கள்; 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அம்மையார் 103 வயது வரை வாழ்ந்தார்.

அந்த முதல் புரதம் உணர்வு நரம்புகளுக்கும் தானியங்கி நரம்புகளில் ஒரு பிரிவுக்கும் உரியது. மோட்டார் நியூரானுக்கு வேறு ஆள்கள் உண்டு, எல்லாம் வளர்ச்சிக் காரணிகளின் சுருக்கப் பெயர்கள். 1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்த பிடிஎன்எஃப், 1993-இல் அறிவிக்கப்பட்ட ஜிடிஎன்எஃப், சிஎன்டிஎஃப், இன்சுலினுக்குத் தம்பி முறையான ஐஜிஎஃப்-1, இரத்தக் குழாய் வளர்க்கும் விஇஜிஎஃப். கடைசியாகச் சொன்னதன் சுரப்பைக் குறைத்து வளர்த்த எலிகளுக்கு மோட்டார் நியூரான் நோய் போலவே ஒன்று வந்தது என்று 2001-இல் பெல்ஜியத்தில் கண்டார்கள். கருவில் உருவாகும் மோட்டார் நியூரான்களில் ஏறத்தாழப் பாதி, பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. தசையைப் பிடித்துச் சேதி வாங்கியவை பிழைக்கின்றன, மற்றவை போகின்றன. உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான் நடந்தது.

இவ்வளவும் கேட்டால், அந்தப் புரதத்தை வாங்கி ஊசியில் ஏற்றினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. 1990-களின் நடுவில் நான் பயிற்சியில் இருந்தேன். பவானியிலிருந்து ஜமக்காளம் நெய்கிற ஒருவர் வருவார். உங்கள் அப்பாவுக்குப் போலவே கட்டைவிரல் பக்கத்துச் சதை வற்றி, சுண்டுவிரல் பக்கம் திரட்சியாகவே இருந்தது. இந்த நோய்க்கு அது ஓர் அடையாளம். வேட்டி முடிச்சை இடது கையாலேயே போட்டுக்கொள்வார். ‘இரண்டு வருடம் தாக்குப் பிடியுங்கள், மருந்து வந்துவிடும்’ என்று அவரிடம் சொன்னேன். சஞ்சிகைகளில் படித்த நம்பிக்கை. எலியிலும் கோழிக்குஞ்சிலும் அவ்வளவு அழகாக வேலை செய்தது. இரண்டு வருடம் கழித்து அவர் மகன்தான் வந்தார், மருத்துவக் கோப்பைத் திருப்பிக் கொடுக்க. அதிலிருந்து நான் யாருக்கும் தேதி சொல்வதில்லை.

நடந்தது இதுதான். சிஎன்டிஎஃப் ஊசியை 700-க்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டுப் பார்த்து 1996-இல் முடிவு வெளியானது. பலன் இல்லை, இருமலும் எடைக் குறைவும்தான் மிச்சம். எடை குறையவே கூடாத நோயில் எடையைக் குறைக்கும் மருந்து! பிடிஎன்எஃப் 1,135 பேரிடம் சோதிக்கப்பட்டது. 1999-இல் வந்த முடிவில் மூச்சுத் திறனிலும் ஆயுளிலும் வித்தியாசம் இல்லை. ஐஜிஎஃப்-1 அமெரிக்காவில் கொஞ்சம் பலன் காட்டியது, ஐரோப்பாவில் காட்டவில்லை. தீர்த்து வைக்க 330 பேரை இரண்டு ஆண்டு கவனித்தார்கள்; 2008-இல் அதுவும் இல்லை என்று முடிந்தது.

உங்கள் மாமனிடம் சொன்ன ஸ்டெம் செல் (பலவகை அணுக்களாக மாறக்கூடிய மூல அணு) கலவைக்கு மிக நெருக்கமான ஒன்றையும் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே அணுக்களை எடுத்து, இந்தப் புரதங்களைச் சுரக்கும்படி பழக்கி, முதுகில் ஊசியாகத் திருப்பிச் செலுத்தினார்கள். ஏறத்தாழ 190 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. 2020-இல் வந்த முடிவில் எதிர்பார்த்த பலன் இல்லை. ஆனாலும் அனுமதி கேட்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் போனார்கள். 2023 செப்டம்பரில் ஆலோசனைக் குழு வாக்கெடுத்தபோது 17 பேர் எதிர்ப்பு, ஒரே ஒருவர் ஆதரவு. அத்தனை பணமும் ஆள்பலமும் உள்ளவர்களால் காட்ட முடியாத பலனை, ஐந்தரை லட்சத்துக்கு ஒரு வாடகைக் கட்டடத்தில் காட்டுகிறேன் என்பவரை எப்படி நம்புவது?

ஏன் தோற்றது என்பதற்கு உங்கள் தென்னையிடமே வருவோம். டானிக் கட்டும்போது என்ன செய்கிறீர்கள்? மண்ணைக் கிளறிப் பென்சில் கனத்தில் உயிருள்ள இளம் வேராகத் தேடுகிறீர்கள். நுனியைச் சாய்வாகச் சீவுகிறீர்கள். பைக்குள் வேர் முனை முங்கும்படி விட்டுக் கட்டுகிறீர்கள். கறுத்துக் காய்ந்த வேரில் கட்டினால் மறுநாள் பை அப்படியே இருக்கும், அதுவும் உங்களுக்குத் தெரியும். புரதத்தைத் தோலுக்கடியிலோ இரத்தக் குழாயிலோ செலுத்துவது டானிக்கை வாய்க்காலில் ஊற்றிவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. பிடிஎன்எஃப் போன்ற புரதம், உங்கள் அப்பா சாப்பிடும் ரிலுசோலைவிட நூறு மடங்குக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு. இரத்தத்துக்கும் தண்டுவடத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பை அது தாண்டுவதில்லை. இரத்தத்திலோ சில நிமிடங்களில் கரைந்துவிடுகிறது.

நேராகத் தசையிலேயே கட்டினால்? 2003-இல் எலிகளில் அதைத்தான் செய்தார்கள். தீங்கில்லாத வைரஸ் ஒன்றில் ஐஜிஎஃப்-1 மரபணுவை ஏற்றித் தசையில் ஊசி போட்டார்கள். அது நரம்பு வழியே மேலேறித் தண்டுவடத்துக்குப் போனது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. அசல் வேர் டானிக். மனிதரில் இன்னும் அந்த வெற்றி கிட்டவில்லை. வேர் காய்ந்துகொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம். இந்த நோயில் இழையின் போக்குவரத்து ஆரம்பத்திலேயே தடுமாறுகிறது, அணுவுக்குள்ளேயே டிடிபி-43 என்ற புரதம் இடம் மாறிக் கட்டியாக உறைகிறது. சேதி வராததால் மட்டும் அணு சாகவில்லை. வந்த சேதியைப் படிக்கவும் அதற்குத் தெம்பில்லை. இன்னொரு காரணம் நேரம். ஒரு நரம்பணு போனால் பக்கத்து நரம்பு கிளைவிட்டு அதன் தசையையும் பார்த்துக்கொள்கிறது, பங்காளி நிலத்துக்கும் சேர்த்து நீர் பாய்ச்சுவது போல. அதனால் விரல் மக்கர் செய்கிற நாளில் அணுக்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கும்.

ஒரே ஒரு புரதத்தை நம்புவதும் தவறு என்று காட்டும் செய்தி ஒன்று உண்டு. ஜப்பானியரில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சிஎன்டிஎஃப் மரபணுவே வேலை செய்வதில்லை. அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஒன்று இல்லாவிட்டால் மற்றொன்று ஈடு செய்கிறது.

ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 2022-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலஸில் 18 பேரின் தண்டுவடத்தில், ஒரு பக்கம் மட்டும், ஜிடிஎன்எஃப் சுரக்கும் அணுக்களை நேராக நட்டார்கள். அணுக்கள் பிழைத்தன, புரதமும் சுரந்தன, பெரிய தீங்கில்லை. கால் பலத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு என்பது இப்படித்தான் இருக்கும்: 18 பேர், ஒரு கால், அடக்கமான முடிவு.

அந்த மையத்துக்கு மாமன் மறுபடி போனால் ஒன்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள்: இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்கள் பதிவு எண் என்ன? 2009 முதல் அந்தப் பதிவு கட்டாயம். ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றம் தவிர மற்ற எதுவும் அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே செய்யத்தக்கது. ஆய்வு என்றால் நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள். வாங்கினால் அது வியாபாரம்.

இனி, செய்ய வேண்டியவை. நோயை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். கழுத்து எம்ஆர்ஐயும் நரம்புக் கடத்தல் சோதனையும் எடுத்தார்களா என்று கோப்பில் பாருங்கள். கழுத்தெலும்புத் தேய்வும், பல இடங்களில் மோட்டார் நரம்பை மட்டும் தாக்கும் ஒரு நோயும் இதே வேடத்தில் வரும். பின்னதற்கு இம்யூனோகுளோபுலின் ஊசி நன்றாகக் கேட்கும். இளவயதில் செவிக் குறைவோடு மெதுவாக வரும் மோட்டார் நியூரான் நோயைச் சென்னை மருத்துவர்கள் 1970-இலேயே எழுதினார்கள். இன்றும் உலகம் அதை மெட்ராஸ் வகை என்றே அழைக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அந்த வயது இல்லை.

ரிலுசோலை நிறுத்த வேண்டாம். வெறும் வயிற்றில், நாளைக்கு இரண்டு வேளை. கல்லீரல் சோதனை இடையிடையே. அது தருவது சராசரியாக இரண்டு மூன்று மாதக் கூடுதல் ஆயுள்தான். அதைவிடக் கூடுதலாகத் தருவது மூச்சுக் கருவி என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. விழுங்கும் தசைகள் ஓரளவு நன்றாக உள்ளவர்களுக்கு, இரவில் முகமூடி வழியாகக் காற்று தரும் பைபேப் கருவி சராசரியாக ஏழு மாத அளவில் ஆயுளைக் கூட்டியதை 2006-இல் பிரிட்டனில் காட்டினார்கள். அதனால் அப்பா தூங்குவதைக் கவனியுங்கள். மல்லாந்து படுக்கச் சிரமப்படுகிறாரா, விடியற்காலையில் தலைவலிக்கிறதா, பகலில் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாரா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூச்சின் அளவை ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். தோப்பை விற்கிற அளவுக்குச் செலவு ஆகாது அந்தக் கருவி, வாடகைக்கும் கிடைக்கிறது.

எடை குறையவிடாதீர்கள். கொழுப்பு ஆகாது என்று யாராவது பத்தியம் சொன்னால் கேட்காதீர்கள். அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழைய வேகவைத்து நெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள்; சந்தகைக்குத் தேங்காய்ப்பால் தாராளமாக ஊற்றுங்கள். பின்னாளில் தண்ணீரோ காபியோ குடிக்கும்போது புரையேறினால், கெட்டியான கூழ் பதம்தான் சுலபமாக இறங்கும். அந்தக் கட்டம் வந்ததும் வயிற்றில் குழாய் வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசத் தயங்க வேண்டாம். மூச்சுத் திறன் பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன் வைப்பது பத்திரம். குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இல்லையென்றால் பிள்ளைகளைப் பற்றிய பயமும் வேண்டாம். பத்தில் ஒன்பது பேருக்கு இது பரம்பரையாக வருவதில்லை.

தறியடியில் நிற்க விடலாமா என்றீர்களே, விடுங்கள். அளவான உடல் உழைப்பு இந்தப் புரதங்கள் சிலவற்றின் சுரப்பைக் கூட்டுகிறது. நோயை அது தடுக்கும் என்று அதற்காக நான் சொல்லவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்கியும் மறுநாள் காலையில் சோர்வு மிச்சம் இருந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இடது கால் தடுக்குவதற்குக் கணுக்கால் தாங்கி ஒன்று அளவெடுத்து வாங்குங்கள். மோட்டார் பெல்ட்டுக்குக் காவல் வலை போடாமல் அவரை உள்ளே விடாதீர்கள். வேட்டிக்குப் பதில் கால்சட்டை. ஒரு நாற்காலியைத் தறிக்குப் பக்கத்தில் நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். அறுந்த இழையைப் பிணைக்கும் வேலையை இனி நீங்கள் செய்யுங்கள், அவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். எந்த விரலில் நூலைச் சுற்றி எந்த விரலால் அழுத்த வேண்டும் என்று அவர் சொல்வதை, குரல் தெளிவாக இருக்கும் இப்போதே, கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள்.